28 நாள் முடித்து வந்தவன், குடிக்காமலே திரும்பப் போகலாமா?

பூக்கடைக்காரன்:
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. வயது 38. குடியை நிறுத்த மறுவாழ்வு மையத்தில் 28 நாள் இருந்துவிட்டு வந்து இன்றோடு 52 நாள். அதிகாலை மூன்று மணிக்குக் கடை திறந்தால் பதினொன்றரைக்குச் சரக்கு தீர்ந்துவிடும் (மல்லிகையைச் சொல்கிறேன்). கையில் அன்றைய காசு இருக்கும். பன்னிரண்டுக்கு டாஸ்மாக் திறப்பான். பத்து வருடம் கால் தானாகப் போய்ப் பழகிய இடம். இப்போது பைக்கைச் சுற்று வழியில் திருப்பிப் போகிறேன்.

போன வாரம் இரண்டு தடவை குடிக்கிற மாதிரி கனவு. முழித்த பிறகும் நாக்கில் அந்தக் கசப்பு. வருகிற ஞாயிறு பாண்டி கோயிலில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன், என் மடியில்தான் பிள்ளை உட்காரணும், போகாமல் இருக்க முடியாது. கிடாவெட்டில் கறிச்சோற்றுக்கு முன்னால் என்ன ஓடும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம்.

15 நாளுக்கு ஒருமுறை மையத்துக்கு ரிவ்யூவுக்கு வரச் சொன்னார்கள். ஒரு தடவை போனதோடு சரி. "குணமாகித்தானே அனுப்பினாங்க, மறுபடி அங்கே போய் நின்னா ஊர் என்ன நினைக்கும்" என்கிறார் அப்பா. இன்னும் குடிக்கவில்லை. குடிக்காதவன் போய் என்ன சொல்வது? திரும்பப் போகிறவர்கள் நிறைய பேர் உண்டா?

செல்லூர் தறி:
தம்பி, நான் மூன்று தடவை சேர்ந்தவன். கடைசியாக வந்து ஆறு வருடம் ஆகிறது. முதல் தடவை முடித்து வந்த ஐந்தாம் மாதம், கல்யாண வீட்டில் ஒரு குவார்ட்டர். மறுநாளே போய்ச் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வெட்கம். மூன்று வாரம் ஒளித்து ஒளித்துக் குடித்தேன். அப்புறம் "நானே நிறுத்திக் காட்டுறேன்" என்று வீட்டிலேயே ஒரே அடியாக நிறுத்தினேன். இரண்டாம் நாள் தறிக்குப் பக்கத்திலேயே வலிப்பு. தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆகலாமாம், ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்தணுமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பப் போனபோது திட்டுவார்கள் என்று நினைத்தேன். "கடைசியா எப்போ, எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

வார்டு நர்ஸ்:
கனவையே சொல்லுங்கள். ரிவ்யூ அதற்குத்தான். முதல் சில மாதம் இந்தக் கனவு பலருக்கும் வரும். சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடி தொடுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பிரஷர், ஆஸ்துமாக்காரர்கள் மருந்தை விட்டு நோய் முற்றித் திரும்ப வருவதும் இதற்குக் குறைவில்லை. உங்கள் அப்பா பிரஷர் மாத்திரை வாங்கப் போகும்போது ஊர் ஏதாவது நினைக்கிறதா?

டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை) கொடுத்திருந்தால் கவனம். கடைசி மாத்திரைக்கு இரண்டு வாரம் கழித்துக் குடித்தால்கூட முகம் சிவந்து வாந்தி, படபடப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விருந்துக்கு அப்புறம் செரிக்கட்டும் என்று யாராவது அரிஷ்டம் நீட்டுவார்கள், அதிலும் ஆல்கஹால் உண்டு. அப்புறம் ஒன்று, இந்த மாத்திரையைச் சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ராத்திரி மனசு தவித்தால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள்.

உசிலம்பட்டி அக்கா:
எங்க வீட்டுக்காரர் இரண்டு தடவை போனவர், அதனால் சொல்கிறேன். சொந்தக்காரர்கள் வேனில் ஏறாதீர்கள் தம்பி, திரும்பி வருவது உங்கள் கையில் இருக்காது. சொந்த வண்டியில் போங்கள், காது குத்தியதும் முதல் பந்தியில் உட்காருங்கள், கிளம்புங்கள். "எல்லாருக்கும் வாங்கிட்டு வா" என்று காசு கொடுத்து அனுப்புவார்கள், அந்த வேலை மட்டும் வேண்டாம்.

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், வீட்டம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லையே? அவளுக்குக் கனவு விஷயம் தெரியுமா?

பூக்கடைக்காரன்:
அக்கா, தெரியாது. அன்று ராத்திரிதான் சொன்னேன். சனிக்கிழமை மையத்துக்கு அவளும் கூட வந்தாள். "யார் முதலில் ஊற்றிக் கொடுப்பார்?" என்று கவுன்சிலர் கேட்டார். அக்கா வீட்டுக்காரர் என்றேன். அங்கேயே போன் போட்டுச் சொல்லவைத்தார். மச்சான் "சரி" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு பிள்ளை என் மடியில் அழுத அழுகையில் புதுச்சட்டை முழுக்கச் சந்தனம். பந்தியிலிருந்து எழுந்து பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டில் இருந்தோம். மச்சான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த ரிவ்யூவுக்கு அப்பாவும் வருகிறாராம். உள்ளே வரமாட்டார், எதிர் டீக்கடையில் நிற்பாராம்.