தினமும் அதே விமானம், அதே சோதனை: மனசு ஓடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

களியக்காவிளை_பையன்:
திருவனந்தபுரத்தில் செஸ்னா 172 என்கிற சின்ன விமானத்தில் விமானிப் பயிற்சி எடுக்கிறேன். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கிற செக்லிஸ்ட் மனப்பாடமாகிவிட்டது, இப்போது அதுதான் பயமாக இருக்கிறது. வாய் "ஆயில் சரி, டயர் சரி" என்று சொல்லிக்கொண்டே போகிறது, மனசு அடுத்த பரீட்சையில் இருக்கிறது. அனுபவமுள்ள அண்ணன்மார் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஹேங்கர்_அண்ணாச்சி:
மக்கா, வாயை விடு, கையால் தொடு. இறக்கையின் பின்விளிம்பில் அசைகிற பலகையான ஏலரானின் கீலில் விரல் வைத்து ஆட்டிப் பார்க்கும்போது மனசு தானாக அங்கே வந்துவிடும். நம்ம பக்கம் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் எரிபொருளில் தண்ணீர்தான் பெரிய தலைவலி. பாதி டேங்கோடு ராத்திரி வெளியில் நின்றால் உள்ளே ஈரம் படிந்து அடியில் இறங்கும், மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் மழையே நேராக இறங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து சோதனைக் கோப்பையில் வடிக்கும்போது தண்ணீர் கீழே தனியாக நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் கோப்பை முழுக்கத் தண்ணீராகவே வந்தால் நடுவில் கோடே தெரியாது, பார்க்கப் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். அதனால் கோட்டைத் தேடாதே, நீலத்தைத் தேடு. 100எல்எல் என்கிற நம்ம விமானப் பெட்ரோல் லேசான நீலம். கோப்பையை வானத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த நீலமே ஏமாற்றிவிடும், வெள்ளை இறக்கைக்கு நேராகப் பிடி, மோந்தும் பார்.

செங்கோட்டை_காற்று:
அண்ணாச்சி சொன்னது நூற்றுக்கு நூறு. 1996 அக்டோபரில் லீமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தைக் கழுவும்போது ஸ்டாட்டிக் துளைகள் (உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொடுப்பவை) மேல் டேப் ஒட்டினார்கள், பிறகு எடுக்கவில்லை. சுற்றிப் பார்த்த விமானி கண்ணிலும் படவில்லை. உயரமும் வேகமும் தப்பாகக் காட்ட, நடுராத்திரியில் கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். அந்தத் துளை மேல் விரல் ஒருமுறை போயிருந்தால் தெரிந்திருக்குமே என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்கிறது.

புதியவர்களுக்குத்தான் இது என்று நினைக்காதீர்கள். 2014-இல் அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கன்ட்ரோல் பூட்டை (நிற்கும்போது காற்றில் அசையும் பலகைகள் ஆடாமல் இருக்கப் போடுவது) எடுக்காமலே ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட் ஓடுபாதையில் ஓடி 7 பேர் உயிர் போனது. அந்த விமானிகள் அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதம் கன்ட்ரோல்களை முழுசாக அசைத்துப் பார்க்கவில்லை என்று விசாரணையில் வந்தது. இரண்டு பேருமே பழுத்த அனுபவசாலிகள்.

களியக்காவிளை_பையன்:
நன்றி அண்ணா, நாளையிலிருந்து கைதான். இன்னொன்று, நடுவில் யாராவது பெரியவர் கூப்பிட்டால் பேசாமல் இருக்க முடியவில்லை. பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

ஹேங்கர்_அண்ணாச்சி:
கூடாது, முதலிலிருந்து தொடங்கு. விட்ட இடம் என்று நீ நினைப்பது பல நேரம் அதற்கு அடுத்த இடமாக இருக்கும். "சார், சுற்றி முடித்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல், நல்ல வாத்தியார் கோபிக்க மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. போன் பையிலேயே கிடக்கட்டும். அப்புறம் ஏறுவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று முழு விமானத்தையும் ஒரு தடவை பார், எதையாவது எடுக்காமல் விட்டிருக்கிறாயா என்று: கட்டிய கயிறு, சக்கரக் கட்டை, வேகம் அளக்கும் பிட்டாட் குழாயின் உறை, முன்சக்கரத்தில் மாட்டி இழுக்கிற கம்பி.