புதுப்பிப்பு: திரையில் அச்சளவு சரியாக வந்துவிட்டது

போட்டோஷாப்பில் 'பிரிண்ட் சைஸ்' (அச்சாகும் அளவிலேயே திரையில் காட்டும் வசதி) கொடுத்தால் 5 அங்குல அகலக் கல்யாணக் கார்டு திரையில் 4 அங்குலம்கூட வரவில்லை என்று கேட்டிருந்தேன். மார்த்தாண்டத்தில் எங்கள் அச்சகத்துக்கு வருகிறவர்கள் எழுத்தின் அளவைத் திரையில் பார்த்துத்தான் சம்மதம் சொல்வார்கள். அதனால் இது எனக்குச் சின்ன விஷயமே இல்லை.

காரணம் இதுதான்: மென்பொருளுக்கு நம் மானிட்டரின் அளவு தெரியாது. அங்குலத்துக்கு 72 பிக்சல் (திரையின் புள்ளி) என்று அதுவாக வைத்துக்கொள்கிறது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து, சட்டத்தை விட்டுவிட்டு, படம் தெரியும் பகுதியின் அகலத்தை மட்டும் அளந்தேன். 24 அங்குல மானிட்டரில் அது 20.9 அங்குலம். திரையின் அகலத்தில் இருக்கும் 1920 பிக்சலை அதால் வகுத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 பிக்சல்.

பிரிஃபரன்ஸில் 'யூனிட்ஸ் அண்ட் ரூலர்ஸ்' போய், ஸ்க்ரீன் ரெசல்யூஷனில் 92 போட்டேன். அப்புறம் வியூ மெனுவில் பிரிண்ட் சைஸ். 300 ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கோப்பு 30.67 சதவீத ஜூமில் வந்து நின்றது. அச்சடித்த கார்டைத் திரையோடு சேர்த்துப் பிடித்தேன். ஓரத்துக்கு ஓரம் பொருந்தியது! அவ்வளவு சந்தோஷம்.

ஜிம்ப் என்ற இன்னொரு பட மென்பொருளில் இதை எப்படிச் செய்வது என்று கேட்ட தம்பிக்கு: அங்கே டிஸ்ப்ளே அமைப்பில் 'கேலிப்ரேட்' இருக்கிறது. அது காட்டும் கோடுகளை அளந்து எழுதினால் போதும். வியூவில் 'டாட் ஃபார் டாட்' டிக்கை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் பாருங்கள்.

லேப்டாப்பில் இதே எண்ணைப் போடாதீர்கள். 15.6 அங்குலத் திரையில் அதே 1920 பிக்சலுக்கு 141 வரும்.