நைரோபி, டாம் ம்போயா தெரு

கென்யாவின் தலைநகர் நைரோபிக்குப் போய்வந்தேன் என்றாலே சிங்கம் பார்த்தாயா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது டாம் ம்போயா தெரு. வேலை முடிந்த சாயங்காலங்களில் அங்கேதான் சுற்றினேன்.

ஊர் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதீர்கள். அந்தக் குளிருக்குக் கரி அடுப்பில் வாட்டிய மக்காச்சோளம் அவ்வளவு இதம்! வெள்ளைச் சோளம், நன்றாக மென்று தின்ன வேண்டும். எலுமிச்சை மூடியை மிளகாய்த்தூளும் உப்பும் கலந்த தட்டில் தொட்டு, கதிர் முழுக்க அழுத்தித் தேய்த்து, தோகையில் சுற்றிக் கொடுத்தார் கடைக்கார அம்மா. பணம் எம்-பெசாவில், அதாவது போன் வழியாகப் பணம் அனுப்பும் சேவையில். அவருடைய பழைய பட்டன் போனில் குறுஞ்செய்தி வந்ததும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். யூபிஐ வருவதற்கு ரொம்ப முன்பே, 2007 முதல் அங்கே இது நடக்கிறது.

அப்புறம் மட்டாட்டு. தனியார் மினி பஸ்தான், ஆனால் ரொங்காய் என்ற புறநகர்ப் பக்கம் போகிற வண்டிகளைப் பார்க்க வேண்டும். பாடகர்கள், கால்பந்து வீரர்கள் முகமெல்லாம் வண்டி முழுக்க வரைந்து, உள்ளே திரையும் பாட்டும் அதிரும். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி தகரத்தைத் தட்டுவார். அதுதான் டிரைவருக்கு விசில். மடித்த நோட்டுகள் விரலிடுக்கில் இருக்கும். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் மனக்கணக்குதான்.

இருட்டும் நேரத்தில் நடைபாதையில் துணி விரித்துப் பழைய சட்டை, செருப்பு, சார்ஜர் என்று வியாபாரம் களைகட்டும். திடீரென்று "காஞ்ஜோ!" என்று ஒரு குரல். மாநகராட்சிக் காவலர்கள் வருகிறார்களாம். துணியின் நான்கு முனையையும் ஒரே இழுப்பில் சேர்த்து, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் ஓடினார்கள். முதுகில் குழந்தையைக் கட்டியிருந்த ஒரு பெண்ணும் ஓடினார். எனக்கு மனசே ஆறவில்லை. நடக்க இடம் வேண்டும் என்பது நியாயம்தான்; ஆனால் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் வாங்குவது இவர்களிடம்தானே? மாலையில் சில மணி நேரமாவது நிம்மதியாக விற்க விடலாம்.

போகிறவர்களுக்கு ஒன்று: பாஸ்போர்ட்டைக் காட்டி முதல் நாளே சிம் வாங்கி எம்-பெசா போட்டுவிடுங்கள். மட்டாட்டில் மழை வந்தால் கட்டணம் ஏறிவிடும், கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.