புதுப்பிப்பு: ஓய்வுக்குப் பிறகு வெறுமை என்று புலம்பியிருந்தேனே

2 மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன்: ஓய்வு பெற்று காரைக்குடி வீட்டுக்கு வந்தாச்சு, காலைக் காப்பிக்கு அப்புறம் நாள் முழுக்க வெறிச்சென்று இருக்கிறது, என்ன செய்ய? யோகா, பயணம் என்று பலரும் சொன்னீர்கள். யோகா நாலு நாள் தாங்கியது.

வழி கிடைத்தது தற்செயலாக. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உடைந்த தரைக்கல்லை (டைல்) மாற்ற, அந்தக் கல்லைக் கையால் செய்யும் ஊரான ஆத்தங்குடி போனேன். பட்டறையில் நின்றவன் நகரவே இல்லை. கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அலுங்காமல் அச்சைத் தூக்குகிறார்கள். மேலே சிமெண்டும் மணலும். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறி, காய்வதோடு சரி. 'நானும் ஊற்றட்டுமா?' என்று கேட்டுவிட்டேன்.

இப்போது வாரம் 3 நாள் போகிறேன். முதல் கல்லில் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிட்டது. "அண்ணே, அச்சத் தூக்கும்போது வேற நெனப்பு வேணாம்" என்றார் சொல்லித்தருபவர். என்னைவிட 20 வயது இளையவர். 30 வருடம் ஆபீசில் அடுத்தவர் பிழையைத் திருத்தியவனுக்கு, திட்டு வாங்குவது ஒருமாதிரி நன்றாகவே இருக்கிறது. பூ கண்ணாடிப் பக்கம் கவிழ்ந்து கிடப்பதால் தேறியதா இல்லையா என்று உடனே தெரியாது. அன்றைக்கு ராத்திரி தூக்கத்திலும் அதே நினைப்பு.

வெறுமை முழுசாகப் போகவில்லை. ஞாயிறு மத்தியானம் இன்னமும் இழுக்கும். ஆனால் 11-வது கல் தேறிவிட்டது. வளவில் தூண் ஓரமாகப் பதித்திருக்கிறோம். ஆத்தா அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறார்.