மூன்று பந்துக் கருவியும் மூச்சுத் தசைப் பயிற்சியும் ஒன்றா?

முக்கூடல் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு 11 வயது, 58 கிலோ. நாலு வயதிலிருந்து வீசிங். ஆனி பிறந்து காற்று அடிக்கத் தொடங்கினால் எங்களுக்குப் பயம்தான். குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று ஊரே கிளம்பும்போது நாங்கள் நெபுலைசரை எடுத்துத் துடைத்து வைப்போம்.

இப்போது காலையும் இரவும் ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) வைத்து ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறான். இரவு இருமல் நின்றுவிட்டது. ஆனால் பள்ளியில் மாடிப்படி ஏறினால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறதாம். மற்ற பிள்ளைகள் பார்க்கக் கூடாதென்று ஷூ லேஸ் கட்டுவது போலக் குனிந்து நின்றுகொள்வானாம். அவன் தங்கச்சி சொல்லித்தான் எனக்கே தெரியும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூச்சு இழுக்கிற தசைக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மருந்துக்கடையில் கேட்டதற்கு மூன்று பந்து உள்ள கருவியைத் தந்தார்கள். முதல் நாளே மூன்று பந்தும் ஏறிவிட்டன. இதுதானா அது? இதைச் செய்தால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா என்று அத்தை (என் மாமியார்) தினமும் கேட்கிறார்கள்.

பாளை பிசியோ:
அக்கா, டாக்டர் சொன்னது இது இல்லை. பந்துக் கருவி பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு நுரையீரல் நன்றாக விரியக் கொடுப்பது. அதில் 600, 900, 1200 என்று போட்டிருக்கும். நொடிக்கு எத்தனை மில்லி காற்றை இழுக்கிறோம் என்ற கணக்கு அது. வெடுக்கென்று இழுத்தால் பந்து ஏறிவிடும், தசைக்குப் பெரிய சுமை கிடையாது. பயிற்சிக் கருவிக்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கும். குறிப்பிட்ட பலத்தோடு இழுத்தால்தான் அது திறக்கும். ஸ்பிரிங்கை இறுக்க இறுக்கச் சுமை கூடும்.

தம்பியின் உடம்பில் நடப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையை, மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் அந்தத் தசை வயிற்றைக் கீழே அமுக்கித்தான் நுரையீரலுக்கு இடம் பண்ண வேண்டும். வீசிங்கில் குழாய் சுருங்கிக் காற்று உள்ளேயே தங்கிவிட்டால் அதே தசை தட்டையாகி இழுவை குறைந்துபோகும். பிள்ளை சோம்பேறி இல்லை அக்கா. மூச்சு விடுவதே அவனுக்கு மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதல் வேலை. வகுப்பில் யாராவது கேலி செய்தால் டீச்சரிடம் இதைச் சொல்லுங்கள்.

முதலில் அவனால் எவ்வளவு பலமாக இழுக்க முடிகிறது என்று மீட்டரில் அளக்க வேண்டும். அதில் 30 முதல் 40 சதவீதத்தில் தொடங்குவது வழக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் கிளிப் போட்டு, காலை 30 மூச்சு, மாலை 30 மூச்சு. ஆறு முதல் எட்டு வாரம். இடையிடையே அளந்து சுமையைக் கூட்டுவோம். வீசிங் இருக்கிற நாளில் செய்யக் கூடாது. காது சவ்வில் ஓட்டை இருந்தாலோ, முன்பு நுரையீரலைச் சுற்றிக் காற்று கோத்திருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உள்ளே இருக்கும் அழற்சி. தசை எவ்வளவு பலமானாலும் அது அடங்காது.

சேரன்மகாதேவி அப்பா:
என் மகளுக்கும் இதே கதைதான், அதனால் சொல்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு இந்தப் பயிற்சி பற்றி 2013-இல் வெளியிட்ட தொகுப்பில் ஐந்து ஆய்வுகள், மொத்தம் 113 பேர், எல்லோருமே பெரியவர்கள். இழுக்கும் பலம் கூடியது என்றார்கள். ஆஸ்துமா தாக்குதல் குறையுமா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே கருவியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். நாங்கள் சாயங்காலம் கன்னடியன் கால்வாய்க் கரையில் நடக்கிறோம். டாக்டர் சொன்னபடி நடைக்குக் கால் மணி நேரம் முன்னால் சால்பியூட்டமால் (மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர்) இரண்டு பஃப். முதல் மாதம் பாலம் வரைக்கும்கூடப் போக முடியவில்லை. இப்போது அவள்தான் முன்னால் போகிறாள்.

ஆலங்குளத்துக்காரி:
மதினி, தப்பாக எடுத்துக்காதீங்க. வீட்டில் பீடி சுற்றுகிறீர்களா? எங்கள் வீட்டில் பீடித்தூள் சுளகு கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதை அப்புறப்படுத்திய பிறகுதான் என் பிள்ளைக்குத் தும்மல் குறைந்தது.

முக்கூடல் அம்மா (மூன்று வாரம் கழித்து):
ஆமாம் மதினி, அத்தை சுற்றுகிறார்கள். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சுளகும் இலையும் புறவாசல் தாழ்வாரத்துக்குப் போயிருந்தன.

பாளையில் அளந்து, கருவியின் சுமை எண்ணை 20-இல் வைத்துக் கொடுத்தார்கள். எண்ணிக்கை அத்தை பொறுப்பு. முப்பது புளியங்கொட்டையைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு மூச்சுக்கு ஒரு கொட்டை தட்டுக்கு மாறும். இவன் ஏமாற்றி இரண்டாக நகர்த்தினால் கையைப் பிடித்துவிடுவார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டும் வருகிறார்கள்.

ஒரு சந்தேகம் தம்பி. நேற்று 19-ஆவது கொட்டையில் தலை சுற்றுகிறது என்றான், நிறுத்திவிட்டோம். ஏன் அப்படி?

பாளை பிசியோ:
நிறுத்தியது சரிதான் அக்கா. அவசரமாக அடுத்தடுத்து இழுத்திருப்பான். ஆச்சியிடம் கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பத்துக்கும் நடுவில் ஒரு நிமிடம் சும்மா உட்காரட்டும். பலமாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். அப்படிச் செய்தும் சுற்றினால் வரும்போது சொல்லுங்கள், 20-ஐக் குறைத்துப் பார்ப்போம்.