எச்2 வரலாறு (சிங்கப்பூர் ஏ-லெவல் பாடம்): மூல ஆதாரக் கேள்வியில் மதிப்பெண் எங்கே போகிறது?

கேள்வி: ஜேசி (தொடக்கக் கல்லூரி) முதலாண்டு. பனிப்போர் ஆதாரங்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி எழுதினால் மதிப்பெண் ஏறவில்லையே, ஏன்?

பதில் 1: சுருக்கம் விடை ஆகாது தம்பி. முதலில் கேள்வியில் தந்த கூற்றை ஆதரிப்பவை, மறுப்பவை என்று பிரியுங்கள். பிறகு யார், எப்போது, யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். அமெரிக்க அதிபர் ட்ரூமனின் 1947 மார்ச் 12 உரை, கிரீஸுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியது. பணம் கேட்பவர் ஆபத்தைப் பெரிதாகத்தானே காட்டுவார்? "அமெரிக்கர், அதனால் ஒருதலைப்பட்சம்" என்பது வெறும் முத்திரை.

பதில் 2: ரகசிய ஆவணம் என்றால் உண்மை என்றும் நம்பிவிடாதீர்கள். 1946 செப்டம்பரில் சோவியத் தூதர் நோவிகோவ் வாஷிங்டனிலிருந்து அனுப்பிய தந்தியைப் படித்தவர் அவருடைய மேலதிகாரி, வெளியுறவு அமைச்சர் மொலோடொவ். மொலோடொவ் காதுக்கு இதமாக எழுதவேண்டிய நெருக்கடி இருந்தது.

கேள்வி கேட்டவர்: அப்போ ட்ரூமன் உரை, நோவிகோவ் தந்தி இரண்டையும் ஒரே பத்தியில் மோதவிடலாமா?

பதில் 1: அதேதான்!