‘திறன்கூடல்’: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வெவ்வேறு திறன் உடையவர்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதற்கேற்பக் கருவிகளை வடிவமைப்பதைக் குறிக்க, ‘அணுகல்வசதி’ (accessibility) என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம் என்று நம் குழுவில் நேற்று எழுதப்பட்டதை என்னால் ஏற்க இயலவில்லை. அணுகல் என்பது ஒருவருக்கும் ஒரு திரைக்கும் உள்ள உறவு. நாம் பெயரிட முயல்வதோ இருவருக்கு இடையில் நடப்பது.

பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பள்ளிகள் எழுந்த பாளையங்கோட்டையில், பார்வையற்ற நண்பர் ஒருவரும் நானும் ஒரே விரிதாளில் (spreadsheet) கலைச்சொல் பட்டியலைத் திருத்தி வருகிறோம். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006இல் எழுதத் தொடங்கி, இன்று இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலாக ஒலிக்கும் மென்பொருள், என் நண்பருக்கு ஒவ்வொரு கட்டத்தையும் படித்துச் சொல்கிறது. அணுகல் என்ற அளவில் குறையே இல்லை. ஆனால் முடிவான சொற்களுக்கு நான் மஞ்சள் வண்ணம் இட்டு வந்தேன். அந்த மஞ்சள் அவர் காதுக்கு எட்டவில்லை. முடிந்துபோன நாற்பது சொற்களை அவர் ஒரு மாலை முழுதும் மறுபடி ஆய்ந்திருக்கிறார். “நீங்க மஞ்சள் அடிச்சது எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?” என்று அவர் கேட்டபோது குறுகிப்போனேன். ‘நிலை’ என்றொரு நெடுவரிசையைச் சேர்த்து, ‘முடிந்தது’ என எழுத்தால் குறிக்கத் தொடங்கிய பிறகே வேலை இருவருக்கும் ஓடுகிறது.

‘மாற்றுத்திறன் கூட்டுப்பணி’ என்ற பரிந்துரை வேறுபாட்டை ஒருவர் தலையிலேயே ஏற்றுகிறது; இங்கே வழியை மறித்தவன் நான். ‘பல்திறன்’ என்றால் ஒருவரிடமே பல திறன் இருப்பதாகப் பொருள்படும். ‘உடன்பணி’ என்பது மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளை, அதாவது ‘ஒருவரோடு சேர்ந்து’ என்ற பொருளை, நினைவூட்டுவதால் எனக்கும் பிடித்திருந்தது. ஆயினும் அவ்விடத்தில் ‘ஒடு’ உயர்ந்தவரைச் சார்ந்தே வரும் என்பது தொல்காப்பிய விதி. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்கிறோம். நமக்கு வேண்டியது ‘அவரும் நானும் செய்தோம்’ என்பதில் உள்ள எண்ணும்மையின், அதாவது இருவரையும் இணையாக அடுக்கும் ‘உம்’மின், சமநிலை.

ஆகவே ‘திறன்கூடல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘திறன்கூட்டு’ என்றால் திறனை அதிகமாக்கு என்ற ஏவலாகிவிடும். கூடல் என்பதில் ஒன்றுசேர்தலே முந்தி நிற்கிறது. திறன்கூடல் வடிவமைப்பு, திறன்கூடல் விரிதாள் என்று வேறு சொல்லோடும் இடறாமல் சேர்கிறது. நண்பரின் திரைவாசிப்பானில் ஒலிக்கவிட்டுக் கேட்டோம், தெளிவாகவே படித்தது. சைகைமொழியில் இதற்கு என்ன குறி பொருந்தும் என்பதை அம்மொழியில் பேசுவோரிடம் கேட்டறிந்த பிறகே இதன் எதிரே ‘முடிந்தது’ என்று எழுதுவோம்.